பட்டறை பதில்கள்: லோட் வீல் ஏன் தட்டையாகிறது?

பனியன் கம்பெனியில் 2.5 டன் கை பேலட் டிரக் (சரக்குப் பலகையைத் தூக்கி நகர்த்தும் கைவண்டி) வைத்திருக்கிறோம். ஃபோர்க் நுனியில் இருக்கும் லோட் வீல் ஒரு பக்கம் மட்டும் தட்டையாகிவிடுகிறது. இரண்டு தடவை மாற்றியாயிற்று. மட்டமான வீல் தருகிறார்களா?
– வாசகர், திருப்பூர்

கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் அச்சைப் பாருங்கள். உருள்கிற வீல் சுற்றிலும் ஒரே மாதிரிதான் தேயும். ஒரே இடத்தில் தட்டையானால் அது உருளாமல் இழுபட்டிருக்கிறது. பனியன் கம்பெனி என்கிறீர்கள். பெரும்பாலும் நூல்தான் குற்றவாளி. தரையில் கிடக்கும் நூலும் பஞ்சும் வீலுக்கும் தகட்டுக்கும் நடுவே அச்சில் சுற்றி இறுகி, பேரிங் மூடியைத் தாண்டி உள்ளே புகுந்து, கிரீஸையும் உறிஞ்சிக்கொள்ளும். சரக்கு ஏறியிருக்கும்போது வீல் அரைகுறையாகவாவது சுற்றும். காலி வண்டியில் சுற்றவே சுற்றாது, சறுக்கும். காலி வண்டியை யாரும் கவனிப்பதில்லை என்பதால் தட்டை விழுந்து கடகடவென்று சத்தம் வந்த பிறகுதான் தெரிகிறது.

வாரம் ஒரு தடவை நுனியைக் கட்டைமேல் தூக்கி வைத்து, வீலைக் கையால் சுண்டிவிடுங்கள். நாலைந்து சுற்றாவது ஓட வேண்டும். உடனே நின்றாலோ, கரகரத்தாலோ, பக்கவாட்டில் ஆடினாலோ பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. நூலை பிளேடால் குறுக்கே அறுத்துக் கொக்கியால் இழுத்தெடுங்கள். லைட்டரால் பொசுக்குகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பஞ்சுக் குடவுனில் நெருப்பு எதற்கு? வீலின் மேலுறையான யூரித்தேனும் உருகி, பேரிங் மூடியும் கருகிவிடும்.

தட்டை விழுந்த வீலைக் கடைசலில் கொடுத்துச் சமன்செய்வது வீண் வேலை. விட்டம் குறைந்து ஃபோர்க் தரையில் உரசும். மாற்றத்தான் வேண்டும். ஃபோர்க்கை முழுதாக உயர்த்தி, இருவராகச் சேர்ந்து வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வையுங்கள். அச்சைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பின்னை அதே கனமுள்ள பின் பஞ்ச் (பின்னைத் தட்டி வெளியேற்றும் இரும்புக் கம்பி) வைத்துத் தட்டி எடுத்தால் அச்சு வெளியே வரும். வாஷர்கள் எந்தப் பக்கம் எத்தனை இருந்தன என்று முதலிலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்; ஒன்று விட்டுப்போனால் வீல் தகட்டில் உரசும்.

பேரிங் பல வண்டிகளில் 6204தான் (உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மி.மீ.). இருந்தாலும் பழையதில் பொறித்த எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். எண்ணுக்குப் பின்னால் ‘இசட்இசட்’ என்றிருந்தால் தகர மூடி; அதில் இடைவெளி உண்டு, பஞ்சு நுழையும். உங்களுக்கு ‘2ஆர்எஸ்’, அதாவது இரு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதே வேண்டும். வீலுக்குள் இறக்கும்போது 47 மி.மீ.க்குச் சற்றே சிறிய ஸ்பேனர் சாக்கெட்டை வெளிவளையத்தில் வைத்து அழுத்துங்கள். உள்வளையத்தில் சுத்தியல் பட்டால் குண்டு ஓடும் பாதையில் பள்ளம் விழும். புது பேரிங் அன்றைக்கே பழசு. ஸ்பிரிங் பின் புதிதாகப் போடுங்கள். இடம் வலம் இரண்டு ஃபோர்க்கிலும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் ஃபோர்க் சாய்ந்து, புது வீல்மேல் அதிகச் சுமை ஏறும்.

மீன் பதப்படுத்தும் ஆலையில் ட்ராலி வீலின் யூரித்தேன் அப்படியே பட்டையாக உரிந்து வருகிறது. ஒட்ட வழி உண்டா?
– வாசகர், தூத்துக்குடி

இல்லை. எந்தப் பசையும் சுமையில் நிற்காது. யூரித்தேனில் பாலியெஸ்டர் வகை, பாலியீதர் வகை என்று இரண்டு. முதலாவது எப்போதும் ஈரத்தில் இருந்தால், அதுவும் வெந்நீரில் கழுவினால், வேதியியல் ரீதியாகவே சிதைந்து பிசுபிசுக்கும். உப்புநீரோ யூரித்தேன் ஒட்டியிருக்கும் வார்ப்பிரும்புக் குடத்தின் (வீலின் உட்பகுதி) விளிம்பில் துருவை ஏற்றிப் பிடிப்பை நெம்பிவிடும். முழு நைலான் வீல், துருப்பிடிக்காத எஃகு பேரிங், அதே எஃகில் ஃபோர்க்கு (காஸ்டர் சட்டம்) என்று மாறுங்கள். நைலான் சத்தம் போடும், டைல்ஸ் விளிம்பைப் பெயர்க்கும். ஆனால் உரிவதற்கு அதில் ஒன்றுமில்லை. பிரஷர் வாஷரைப் பேரிங்கை நோக்கிப் பிடிக்க வேண்டாம்.

600 கிலோ ஏற்றும் நாலு வீல் ட்ராலிக்கு 150 கிலோ வீல் போதுமா?
– வாசகர், ஓசூர்

போதாது. மேடுபள்ளத் தரையில் எப்போதும் ஒரு வீல் அந்தரத்தில் தொங்கும், மூன்றுதான் சுமக்கும். ட்ராலி எடை 60 கிலோ என்றால் 660ஐ மூன்றால் வகுங்கள்: 220. 250 கிலோ வீல் வாங்குங்கள்.

ஃபோர்க்லிஃப்டின் சாலிட் டயர் துண்டு துண்டாகப் பிய்கிறது. எப்போது மாற்றுவது?
– வாசகர், இராணிப்பேட்டை

பல சாலிட் டயர்களின் பக்கச் சுவரில் தேய்மானக் கோடு இருக்கும். அதைத் தொட்டால் மாற்றுங்கள்; ஒரே அச்சின் இரண்டையும் சேர்த்து. கோடு வருமுன்பே பிய்வதற்குக் காரணங்கள் வேறு: நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்புவது, அதிகச் சுமை, ஓய்வில்லாத நீண்ட ஓட்டத்தில் ஏறும் சூடு, கான்கிரீட் இணைப்புகளின் உடைந்த விளிம்பு. கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விளிம்பை நேராக வெட்டி, தூசியை உறிஞ்சியெடுத்து, எபாக்ஸி மார்ட்டரால் நிரப்பித் தரைமட்டமாகத் தேயுங்கள். வெறும் சிமெண்ட் பூசினால் சில வாரத்தில் அதுவும் பெயர்ந்து, அந்தத் துண்டுகளே டயரைக் கிழிக்கும்.