தம்பூராவில் தானாக எழும் காந்தாரம்: சேலம், ஏற்காடு வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சுருதி சேர்ப்பது பற்றியும், ஒரு நாதத்திலிருந்து இயல்பாக எழும் மேற்சுரங்களை வைத்து மெட்டமைப்பது பற்றியும் வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அம்மாபேட்டையிலிருந்து ஓர் அம்மா: தம்பூராவில் ச, ப மட்டும்தானே சேர்க்கிறோம்? நடுவில் காந்தாரம் கேட்கிறது என்கிறாள் என் மகள். பிரமையா?

பிரமை இல்லை அம்மா. அவளுக்கு நல்ல காது. ஒரு தந்தி நொடிக்கு 100 முறை அதிர்ந்தால், கூடவே 200, 300, 400, 500 என்று முழு மடங்குகளிலும் அதிர்கிறது. இரண்டாம் மடங்கு மேல் ஸ்தாயி ச. மூன்றாவது ப. நான்காவது மறுபடி ச. ஐந்தாவதுதான் அவள் கேட்ட அந்தர காந்தாரம், காந்தார வகைகளில் உயரமானது. வித்வான்கள் இதை ஸ்வயம்பு (தானாக எழுந்த) காந்தாரம் என்பார்கள். மந்தரத் தந்தியில்தான் (கீழ் ஸ்தாயி ச தந்தி) இது தெளிவாக எழும். பஞ்சமத் தந்தியின் மூன்றாம் மடங்கு ரிஷபத்தையும், ஐந்தாம் மடங்கு காகலி நிஷாதத்தையும் (நிஷாதங்களில் உயரமானது) கொடுக்கும். இரண்டு சுரம் சேர்த்துவிட்டு ஐந்து சுரம் கேட்கிறோம்.

மற்ற வாத்தியங்களைவிடத் தம்பூராவில் இது ஓங்கிக் கேட்பதற்குக் காரணம், தந்திகளைத் தாங்கும் அகலமான குதிரைக் கட்டையும் அதன்மேல் தந்திக்கடியில் வைக்கிற ஜீவா நூலும். சாதாரணத் தந்தியை நட்ட நடுவில் மீட்டினால் இரட்டைப்படை மடங்குகள் எழக்கூடாது. தம்பூராவில் அந்த விதி செல்லாமல் போவதை சர் சி.வி. ராமன் 1921-இல் கட்டுரையாகவே எழுதினார்.

மகளிடம் ஒன்று செய்து பார்க்கச் சொல்லுங்கள். தந்தியின் அதிரும் நீளம் 90 செ.மீ. என்றால், ஒரு முனையிலிருந்து 18 செ.மீ.யில் விரலை அழுத்தாமல் சும்மா தொட்டுக்கொண்டு மீட்ட வேண்டும். காந்தாரம் தனியாக வந்து நிற்கும். 30 செ.மீ.யில் தொட்டால் ப. 13 செ.மீ.க்குச் சற்றே குறைவாகத் தொட்டால் ஏழாம் மடங்கு. அது நம் கைசிகி நிஷாதத்தைவிடத் (காகலிக்கு ஒரு படி கீழே உள்ளது) தாழ்ந்து, கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

சேலம் குகைப் பகுதியிலிருந்து ஒரு தம்பி: தம்பூராவோடு கீபோர்டு வாசித்தால் காந்தாரம் மட்டும் உறுத்துகிறது. கீபோர்டு கோளாறா?

கோளாறு இல்லை தம்பி, அதன் அமைப்பே அப்படி. கீபோர்டு ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டுகிறது. ஒவ்வொரு பங்கும் 100 சென்ட் (சுர இடைவெளியின் அளவு). காந்தாரம் 400-இல் விழுகிறது. இயற்கைக் காந்தாரம் இருப்பதோ 386-இல். ஒரு கட்டை சுருதியில் நடு ச 261.6 ஹெர்ட்ஸ். அதன் ஐந்தாம் மடங்கு 1308. கீபோர்டு காந்தாரத்தின் நான்காம் மடங்கு ஏறக்குறைய 1318. இரண்டும் மோதி நொடிக்குப் பத்து தடவை துடிக்கிறது. உன்னை உறுத்துவது அந்தத் துடிப்புதான். பஞ்சமத்தில் வித்தியாசம் 2 சென்ட் மட்டுமே, அதனால் தெரிவதில்லை.

பல கீபோர்டுகளில் ஒவ்வொரு சுரத்தையும் தனியே ஏற்றி இறக்கும் வசதி உண்டு. ரி 4 சென்ட் கூட்டு, க 14 குறை, ப 2 கூட்டு, காகலி நி 12 குறை. அப்புறம் தம்பூராவோடு வாசித்துப் பார். ஆனால் சுருதியை மாற்றினால் இந்த எண்களைப் புது ச-விலிருந்து மறுபடி வைக்க வேண்டும்.

ஏற்காட்டிலிருந்து: சேலத்தில் சேர்த்த தம்பூராவும் புல்லாங்குழலும் மலைக்கு வந்ததும் பிரிந்துவிடுகின்றன. உயரத்தால் காற்று மெலிவதாலா?

உயரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குளிர்தான் காரணம். ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. காற்றின் அழுத்தம் குறைவதால் அது மாறாது. கீழே 35 டிகிரியில் ஒலி நொடிக்குச் சுமார் 352 மீட்டர் போகிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து மாலை 20 டிகிரியில் வாசித்தால் 343 மீட்டர். கணக்குப்படி குழல் 45 சென்ட் இறங்க வேண்டும், கிட்டத்தட்ட அரைச் சுரத்தில் பாதி. வாசிப்பவரின் மூச்சு உள்ளே சூடேற்றுவதால் நடைமுறையில் அவ்வளவு இறங்காது. தம்பூராவின் உலோகத் தந்தியோ குளிரில் சுருங்கி இறுகி மேலே ஏறும். ஒன்று இறங்க, மற்றது ஏற, எப்படிச் சேரும்?

மேடைக்கு அரைமணி முன்பே பெட்டிகளைத் திறந்து வையுங்கள். குழலை நன்றாக ஊதிச் சூடேற்றிய பிறகு, குழலுக்குத் தம்பூராவைச் சேருங்கள். குழலின் சுருதியைத் தம்பூராவைப் போலப் பிருடை (தந்தியை இறுக்கும் முறுக்காணி) திருகி மாற்ற முடியாது. பனிமூட்டம் இருந்தால் மிருதங்கத்தின் தோல் ஈரம் வாங்கித் தளரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூரமங்கலத்திலிருந்து ஒரு மாணவர்: மேற்சுரங்களை மட்டும் வைத்து மெட்டமைக்க ஆசை, சார். எந்த ராகத்துக்கு அருகில் வரும்?

முதலில் வரிசையைப் பாருங்கள். ஒன்றாம் மடங்குக்கும் இரண்டாம் மடங்குக்கும் நடுவில் எதுவும் இல்லை. இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் ப மட்டும். நான்கு முதல் எட்டு வரை ச, க, ப, அந்த ஏழாம் மடங்கு. எட்டு முதல் பதினாறு வரைதான் பாடக்கூடிய வரிசை அமைகிறது: ச, ரி, க, பதினொன்று, ப, பதின்மூன்று, பதினான்கு (ஏழின் இரட்டிப்பு), காகலி நி, ச. ஆகவே மெட்டின் ச 261.6 என்றால் அதன் ஆதாரம் மூன்று ஸ்தாயி கீழே, 32.7 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அந்த ஆழத்தை மனதில் வைத்து எழுதினால்தான் இந்த வரிசை அர்த்தப்படும்.

மேலோட்டமாகப் பார்த்தால் வாசஸ்பதி போல இருக்கும். ஆனால் பதினொன்றாம் மடங்கு 551 சென்ட். சுத்த மத்தியமத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் சரி நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பதின்மூன்று 841 சென்ட், இரண்டு தைவதங்களுக்கும் நடுவில், சுத்த தைவதத்தின் பக்கம் சற்றுச் சாய்ந்து. அப்படிப் பார்த்தால் ரிஷபப்ரியா ராகமும் எட்டிப் பார்க்கிறது. ஏழாம் மடங்கு 969, கீபோர்டின் கைசிகி நிஷாதத்தைவிட 31 சென்ட் கீழே.

என் யோசனை: பதினொன்றில் கமகம் கொடுக்காதீர்கள். அசைத்தால் கேட்பவர் காது அதைத் தெரிந்த மத்தியமத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நீளமாக, நேராக நிறுத்துங்கள். ஏழிலிருந்து பஞ்சமத்துக்கு இறங்குங்கள், மிக அழகான இறக்கம் அது. 1943-இல் பெஞ்சமின் பிரிட்டன் ஹார்ன் வாத்தியத்துக்கு எழுதிய ஒரு முன்னிசையை வால்வு தொடாமல் மேற்சுரங்களில் மட்டுமே வாசிக்கச் சொல்லியிருக்கிறார். முதல் தடவை கேட்கிறவருக்கு அபசுரம் போலிருக்கும், பழகினால் அது இல்லாமல் முடியாது. நம் எக்காளமும் கொம்பும் இதே வரிசையில் ஒலிப்பவைதான்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: மோர்சிங்கில் (வாயில் வைத்து மீட்டும் சிறு உலோக வாத்தியம்) ஒரே உலோக நாக்குதானே, அதில் மெட்டு வருமா?

வரும். நாக்கின் ஆதார சுரம் மாறாது. வாயின் உள்வெளியைக் கூட்டிக் குறைத்து ஒவ்வொரு மடங்காகத் தூக்கிக் காட்டலாம். மேலே சொன்ன வரிசையைப் பழக இதைவிட மலிவான வாத்தியம் கிடையாது.

ஆத்தூரிலிருந்து: இந்த வரிசையில் சுத்த மத்தியமம் எங்கே?

இல்லை. எத்தனை மடங்கு போனாலும் சரியான 4/3 வராது. ம-வை ஆதாரமாக வைத்தால் ச அதன் பஞ்சமமாகும். உறவு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. பஞ்சமம் இல்லாத ஹிந்தோளம் போன்ற ராகங்களுக்குப் பஞ்சமத் தந்தியை மத்தியமத்துக்கு இறக்கிச் சேர்ப்பவர்கள் இருப்பது இதனால்தான்.

அஸ்தம்பட்டியிலிருந்து: அப்படியானால் நம் ராகங்கள் எல்லாமே மேற்சுரங்களிலிருந்து பிறந்தவைதானே?

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ச, ப, அந்தர காந்தாரத்துக்கு அது பொருந்தும். தோடியின் காந்தாரத்தை எந்த மடங்கில் வைப்பீர்கள்? அது ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே உயிர்வாழ்கிறது. எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் திருத்தப் போனால் தோடி போய்விடும். நிற்கிற சுரங்களுக்குத்தான் மடங்குக் கணக்கு. அசைகிற சுரங்களுக்குக் குரு வாய்மொழிதான்.

கொண்டலாம்பட்டியிலிருந்து: தம்பூரா சேர்க்க செல்போன் ஆப் போதுமா?

ச-வை வைக்க மட்டும் போதும். சாரணியை (நடு ச தந்திகள் இரண்டில் முதலாவது; மற்றது அனுசாரணி) ஆப்பில் சேர்த்ததும் போனைக் கீழே வைத்துவிடுங்கள். அனுசாரணியைச் சேர்த்து மீட்டும்போது அலை அலையாக ஒரு துடிப்பு கேட்கும். தந்தியில் கோத்த மணியை நகர்த்த நகர்த்த அது மெதுவாகி நின்றுவிடும். அடுத்து மந்தரம், கடைசியில் பஞ்சமம். அப்புறம் ஜீவா நூலை மயிரிழை அளவு முன்னும் பின்னும் இழுங்கள். ஓர் இடத்தில் தந்தி இரைச்சல் இல்லாமல் பேசத் தொடங்கும். மந்தரத்தில் காந்தாரம் எழுந்தால் விட்டுவிடுங்கள். எழாவிட்டால் பெரும்பாலும் பஞ்சமம் ஒரு பொடி விலகியிருக்கும், அல்லது நூல் கனமாக இருக்கும். மெல்லிய நூலாக மாற்றிப் பாருங்கள்.