தொட்ட இடத்தில் மட்டும் நொய்ஸ்: கேள்வி பதில்

கிளிநொச்சியிலிருந்து: அண்ணா, இரணைமடுக் குளப் படத்தை வெப் பக்கத்துக் கேன்வாஸில் போட்டு, மவுஸ் போகும் இடத்தில் நொய்ஸ் (தாறுமாறான புள்ளிகள்) வரச் செய்தேன். கொஞ்ச நேரத்தில் படமே அழிஞ்சு போகுது. ஏன்?

ஏற்கெனவே நொய்ஸ் ஏறிய பிக்சலை வாசித்து அதன்மேலேயே திரும்பக் கூட்டுகிறீர்கள், தம்பி. படம் லோட் ஆனதும் ஒரே தடவை கெட்இமேஜ்டேட்டா என்ற கட்டளையால் பிக்சல் எண்களை (இமேஜ்டேட்டா) எடுத்து, அதை மூலப் பிரதியாக வையுங்கள்; அதில் எதுவும் எழுதக்கூடாது. ஒவ்வொரு ஃப்ரேமிலும் மூலத்தை வேறொரு இமேஜ்டேட்டாவில் பிரதி செய்து, வட்டத்துக்குள் வரும் பிக்சலை மட்டும் மாற்றி, புட்இமேஜ்டேட்டாவால் போடுங்கள்.

ஆரை 80 பிக்சல் என்றால், பலம் = (1 − மவுஸிலிருந்து தூரம் ÷ 80). இதை வர்க்கித்தால் வட்டத்தின் விளிம்பு இன்னும் மென்மையாக மங்கும். கூட்ட வேண்டியது (ரேண்டம் − 0.5) × 60 × பலம்; ரேண்டம் என்பது 0–1க்குள் தற்செயலாக வரும் எண். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஒரே எண்ணைக் கூட்டினால் பழைய ஃபிலிமில் போல மணிமணியான புள்ளி வரும். வேறுவேறாகக் கூட்டினால் நிறப்பொட்டு; எனக்கு முதலாவதுதான் அழகு.

முல்லைத்தீவிலிருந்து: நந்திக்கடல் படத்தில் வானத்தில் இருண்ட புள்ளி மட்டும்தானே விழுகுது?

இமேஜ்டேட்டாவின் எண்கள் இருக்கும் அரே (வரிசை) 0–255க்கு வெளியே போகும் எண்ணை ஓரத்தில் வெட்டிவிடும். 250இல் 30 கூட்டினால் 255தான், கழித்தால் 220. அதனால் கறுப்புப் பக்கம் மட்டும் தெரிகிறது. பிக்சலின் வெளிச்சம் 128இலிருந்து எவ்வளவு விலகுகிறதோ, அந்த அளவுக்குப் பலத்தைக் குறையுங்கள்.

மாங்குளத்திலிருந்து: போனில் எடுத்த படம் போட்டால் இழுபடுது.

4000 × 3000 என்றால் 12 மில்லியன் பிக்சல், ஒன்றுக்கு 4 பைட். செக்கனுக்கு 60 ஃப்ரேம் ஓட ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெக்கன்தான் உண்டு. முதலில் 800 × 600க்குச் சுருக்கி வரையுங்கள். விரலோடு பக்கமும் நகர்ந்தால் சிஎஸ்எஸ்ஸில் டச்-ஆக்‌ஷனை நன் (none) ஆக்குங்கள்.

வவுனியாவிலிருந்து: ஃபைலை டபுள் கிளிக் பண்ணித் திறந்தால் செக்யூரிட்டி எரர் வருகுது.

அப்படித் திறந்தால் படம் வேற்றிடத்துப் படமாகக் கணிக்கப்பட்டு, பிக்சல் வாசிக்க பிரௌசர் விடாது. அந்த ஃபோல்டரில் பைதனின் எச்டிடிபி சேர்வரை ஓடவிட்டு, லோக்கல்ஹோஸ்ட் 8000இல் திறவுங்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து: புள்ளியாக இல்லாமல் புகை போல அசைய வேணும்.

அதற்கு ரேண்டம் சரிவராது. பக்கத்துப் பிக்சல்களுக்குள் தொடர்பே இல்லை. கென் பெர்லின் 1985இல் வெளியிட்ட பெர்லின் நொய்ஸைப் பிடியுங்கள்; அதில் பக்கத்துப் பிக்சல்களின் எண் மெல்ல மெல்ல மாறும். பிக்சல் இருக்கும் இடத்தின் எக்ஸ், வையை 0.01ஆல் பெருக்கிக் கொடுங்கள். எல்லா அச்சிலும் முழு எண்ணாகவே கொடுத்தால் எங்கும் பூச்சியம்தான் வரும். 0.05 ஆக்கினால் புகைத்திரள் சிறுக்கும். மூன்றாவது அச்சில் ஃப்ரேமுக்கு 0.01 கூட்டிக்கொண்டு போனால் புகை மெல்ல உருமாறும்.