ஒரு புள்ளியும் ஆயிரம் புள்ளிகளும்

வணக்கம் ஐயா,

முடிவுறு களங்களில் (எண்ணி முடிக்கக்கூடிய அளவே எண்கள் இருந்தும், கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் செய்ய முடிகிற அமைப்புகளில்) பல்லுறுப்புக்கோவையின் மதிப்பை வேகமாகக் காணும் வழிகள் பற்றி எழுதியிருந்தீர்கள். 1,000 படிக் கோவைக்கு ஹார்னர் முறையில், அதாவது முதல் கெழுவில் தொடங்கி, புள்ளியால் பெருக்கி அடுத்த கெழுவைக் கூட்டிக்கொண்டே போனால், 1,000 பெருக்கல் போதும். பொதுவாக அதற்குக் கீழே போக முடியாது என்று 1966-இல் கணிதவியலாளர் பான் நிரூபித்துவிட்டாரே. அப்புறம் எதை வேகப்படுத்துகிறார்கள்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பான் சொன்னது சரி. ஆனால் அது ஒரே ஒரு புள்ளிக்கு. 1,000 புள்ளிகளில் மதிப்பு வேண்டுமென்றால் ஹார்னர் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குவார். மொத்தம் 10 லட்சம் பெருக்கல். ஒரு புள்ளிக்குச் செய்த வேலை அடுத்ததற்கு உதவாது. உதவ வைப்பதுதான் இயற்கணிதத்தின் வேலை.

17-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளும் களத்தை எடுத்துக்கொள்வோம். கோவை முப்படி, கெழுக்கள் உயர்ந்த படியிலிருந்து வரிசையாக 3, 5, 2, 7. புள்ளிகள் 1, 16, 4, 13. இங்கே 16 என்பது −1 தான், 13 என்பது −4. முதல் இரண்டிலும் வர்க்கம் 1. ஆகவே கோவை 5, 12 என்ற கெழுக்களுள்ள ஒருபடிக் கோவையாகச் சுருங்கிவிடும். மதிப்புகள் 0, 7. மற்ற இரண்டில் வர்க்கம் −1. கெழுக்கள் −1, 2. மதிப்புகள் 15, 6. சுருக்கும் வேலையை இரண்டு புள்ளிகள் பகிர்ந்துகொண்டன, கவனித்தீர்களா?

இது பள்ளியில் படித்த மீதித் தேற்றத்தின் நீட்சி: கோவையை x − a-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் a-இல் அதன் மதிப்பு. புள்ளிகள் எவையானாலும் பாதிப் பாதியாகப் பிரித்து, மீதியின் மீதியை எடுத்துக்கொண்டே போகலாம். 1970-களின் தொடக்கத்திலேயே ஃபிடுச்சியா, போரோடின், மென்க் ஆகியோர் இதைச் செய்துவிட்டார்கள். வேலை புள்ளிகளின் எண்ணிக்கையை ஒட்டியே, அதன் மடக்கையின் சில மடங்குகளோடு வளரும்.

மாறிகள் பல என்றால்தான் சிக்கல். அங்கே இப்படிப் பிரிக்க ஒற்றை வகுத்தி கிடைக்காது. 2008-இல் கெட்லயா, உமான்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் களத்தை விட்டே வெளியேறி, முழு எண்களுக்குப் போய், சிறு பகா எண்கள் பலவற்றில் கணக்கிட்டு, பல மீதிகளிலிருந்து முழு எண்ணை மீட்டெடுக்கும் சீன மீதித் தேற்றத்தால் திரும்பி வந்தார்கள். அபாரமான வழி. ஆனால் களத்தின் கூட்டல், பெருக்கலை மட்டும் வைத்துச் செய்வதுதான் எனக்கு மனதுக்கு நெருக்கம். விடை ஏன் வருகிறது என்பது அதில் கண்ணுக்குத் தெரியும். சிறப்பெண் (1-ஐ எத்தனை முறை கூட்டினால் முதன்முதலில் 0 வருமோ அந்த எண்) சிறிதாக உள்ள களங்களில், மாறிகள் பெருகினாலும் அது முடியும் என்று 2022-இல் பார்கவா, கோஷ், குமார், மொஹபத்ரா காட்டியபோது மிகவும் மகிழ்ந்தேன்.

மேலே சொன்ன நான்கோடு 2, 8, 9, 15 ஆகியவற்றையும் சேர்த்து, ஏழுபடிக் கோவை ஒன்றை நீங்களே சுருக்கிப் பாருங்கள். பழைய நான்கிலும் நான்காம் அடுக்கு 1, புதிய நான்கிலும் −1. அங்கிருந்து தொடங்கலாம்.