லிலியென்டாலின் அட்டவணை – கடிதம்

வணக்கம் ஐயா,

ரைட் சகோதரர்களுக்கு முன்பே கிளைடரில் (எஞ்சின் இல்லாத விமானம்) பறந்த ஜெர்மானியர் ஓட்டோ லிலியென்டால் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அவருடைய காற்றழுத்த அட்டவணையே தப்பு, அதை நம்பித்தான் ரைட் சகோதரர்களின் 1901 கிளைடர் சொதப்பியது, அவர் உயிரைக் குடித்ததும் அதே பிழைதான் என்று நண்பர் ஒருவர் சாதிக்கிறார். உண்மையா?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

இல்லை. இந்தப் பழி அவர்மேல் நூறாண்டுக்கும் மேலாகக் கிடக்கிறது, இறக்கிவைக்க வேண்டிய பழி அது.

லிலியென்டாலின் அட்டவணையில் இருப்பது விகிதங்கள். காற்றுக்கு நேர் எதிரே நிமிர்த்திய தட்டையான பலகைமேல் விழும் விசையை 1 என்று வைத்தால், வளைந்த இறக்கை இன்னின்ன கோணத்தில் எத்தனை பங்கு தூக்கும் என்பதுதான் அது. அச்சைச் சுற்றிச் சுழலும் நீண்ட கம்பு ஒன்றின் முனையில் இறக்கையைக் கட்டி ஓடவிட்டு எடுத்த அளவுகள். 1889இல் நூலாக வந்தன. விகிதத்தைப் பவுண்டுக் கணக்காக்க இன்னொரு எண் வேண்டும். அது அவருடையது அல்ல. 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டனின் பெயரால் வழங்கிவந்த 0.005 என்ற எண். மணிக்கு 20 மைல் காற்றில் ஒரு சதுர அடிப் பலகைமேல் 0.005 × 20 × 20, அதாவது 2 பவுண்டு விழும் என்று அது சொல்லும். உண்மையில் விழுவது 1.3 பவுண்டுதான்; சரியான எண் 0.0033. இந்த ஓர் எண்ணிலேயே தூக்குவிசையில் மூன்றில் ஒரு பங்கு காகிதத்தோடு போய்விட்டது.

ஆனால் 1901 கிளைடர் தூக்கியது கணக்கிட்டதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மிச்சக் குறை இறக்கையின் உருவத்தில் இருந்தது. லிலியென்டால் அளந்தது நீண்டு ஒடுங்கி, முனை கூரான இறக்கை. ரைட் சகோதரர்கள் கட்டியது 22 அடி நீளம், 7 அடி அகலம் கொண்ட குட்டை இறக்கை. ஒரே பரப்பளவானாலும் குட்டை இறக்கை குறைவாகத்தான் தூக்கும், ஏனென்றால் கீழ்ப்பக்கத்து அழுத்தக் காற்று முனையைச் சுற்றி மேலே நழுவிவிடுகிறது. ஓர் உருவத்துக்கு எடுத்த அட்டவணையை வேறோர் உருவத்துக்குப் போட்டுப் பார்த்தார்கள்.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் தங்கள் ஊரான அமெரிக்காவின் டேட்டனில் 6 அடி நீளக் காற்றுச்சுரங்கம் (விசிறியால் காற்றை ஓடவிடும் பெட்டி) செய்து, ஹாக்ஸா பிளேடும் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியும் கொண்ட தராசில் ஏறத்தாழ 200 சிறு இறக்கைகளைச் சோதித்தார்கள். லிலியென்டாலின் இறக்கை வடிவத்துக்கு அவருடைய எண்கள் பெரும்பாலும் சரியே என்று தெரிந்தது. அடுத்து வந்த 1902 கிளைடரின் இறக்கை 32 அடி நீளம், 5 அடி அகலம்.

லிலியென்டாலின் உயிரைக் குடித்தது வேறு. அவருடைய கிளைடர் சுமார் 20 கிலோ. வில்லோ மரக் கம்புகள்மேல் பருத்தித் துணி, 13 சதுர மீட்டர் பரப்பு. முழங்கைகளை ஊன்றி, இடுப்புக்குக் கீழே கால்கள் தொங்க அதில் இருப்பார். திருப்ப, சமன்செய்ய எல்லாவற்றுக்கும் அந்தக் கால்களை வீசுவதுதான் வழி. மூக்கு தூக்கினால் கால்களை முன்னே எறிய வேண்டும். இடது இறக்கை தாழ்ந்தால் வலப்பக்கம். இதில்தான் சிக்கல்: இடப்பக்கம் சாய்கிறவனின் கால், தரையைத் தேடி இடப்பக்கம்தான் போகும். போனால் இன்னும் சாயும். இயல்பாக வரும் அசைவுக்கு நேர்மாறாக உடம்பைப் பழக்க வேண்டும். அதற்கு வானத்தில் நேரம் வேண்டும். அவர் 2000 முறை பறந்திருப்பார் என்கிறார்கள். ஐந்து ஆண்டுகளில் காற்றில் இருந்த மொத்த நேரமோ 5 மணி நேரம்தான் என்று வில்பர் ரைட் கணக்கிட்டார். ஒவ்வொன்றும் சில விநாடிப் பறப்பு.

1896 ஆகஸ்டு 9, ஜெர்மனியின் ஸ்டோல்ன் ஊரருகே கோலன்பெர்க் குன்று. வெயிலில் சூடேறி எழுந்த காற்று மூக்கைத் தூக்கியது. கோணம் மிகுந்ததும் இறக்கைமேல் ஓடும் காற்று பிய்ந்து தூக்குவிசை அறுந்தது. விமானிகள் ஸ்டால் என்பது இதைத்தான். கால்களை முன்னே வீசியும் மூக்கு இறங்கவில்லை. 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது. மறுநாள் பெர்லினில் இறந்தார்.

இன்றைய ஹாங் கிளைடரும் உடல் எடையை நகர்த்தித்தான் பறக்கிறது. ஆனால் அதில் விமானி வாரில் தொங்கியபடி முக்கோணச் சட்டத்தின் குறுக்குக் கம்பியைப் பிடித்து முழு உடம்பையும் நகர்த்துகிறார். லிலியென்டாலுக்கு நகர்த்தக் கிடைத்தது கால்கள் மட்டுமே.