கடல் சூடானால் பண்ணை சால்மன் ஏன் சாகிறது?

ஒன்றிரண்டு டிகிரிக்கெல்லாம் மீன் சாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சாகும். நம் கடலூர் துறைமுகத்தில் ஐஸ் போட்டு வைத்திருக்கும் காலா மீனை 'இந்தியன் சால்மன்' என்பார்கள், அது வேறு குடும்பம், சூடு அதற்குப் பழக்கம். நிஜ அட்லாண்டிக் சால்மனுக்குத் தோது 8 முதல் 14 டிகிரி. 18 தாண்டினால் தீனியைக் குறைத்துவிடும். தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் குறையும், மீனுக்கோ அப்போதுதான் கூடுதலாக வேண்டும். கடலில் தானாகத் திரியும் மீன் ஆழத்துக்குப் போய்விடும், பண்ணைக்காரர் கடலில் போட்ட வலைக்கூண்டில் அடைபட்டது எங்கே போகும்? 2019-ல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் சுமார் 26 லட்சம் மீன் செத்தது இப்படித்தான். அப்புறம் கடல் பேன், அதாவது மீன் மேல் ஒட்டிக்கொள்ளும் சின்ன ஒட்டுண்ணி, சூட்டில் வேகமாகப் பெருகித் தோலைத் தின்று புண்ணாக்கும். அதை உதிர்க்க மீனை அரை நிமிடம் 30 டிகிரி நீரில் விடுகிறார்கள், கிட்டத்தட்ட நம் கடலூர் சில்வர் பீச் தண்ணீர்தான், அதிலேயே சில செத்துப்போகும்.