மூவர்ணமும் அல்லிக்குளமும்

கேள்வி: மோனே போன்ற 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் ஆற்றங்கரையும் அல்லிக்குளமும் வரைந்துகொண்டு அரசியலுக்கு ஒதுங்கியே இருந்தவர்கள்தானே? விதிவிலக்கு என்றால் மோனேயின் ‘ஜூலை 14’ கொடித் திருவிழா ஓவியம் மட்டும்தான், இல்லையா?

பதில்: முதலில் தேதியைத் திருத்திக்கொள்ளுங்கள். அது ஜூலை 14 அல்ல. 1878 ஜூன் 30. ஜூலை 14 பிரான்சின் தேசிய விழா ஆனதே 1880இல்தான். பாரிஸ் உலகக் கண்காட்சி ஆண்டில் அரசு நடத்திய அமைதி விழாவன்று, மாண்டோர்கேய் தெருவில் ஒரு வீட்டு பால்கனியில் இடம் கேட்டு நின்று மோனே வரைந்த படம்.

தேதி தவறினால் அரசியலும் நழுவிவிடும். குடியரசின் மூவர்ணக் கொடியே அன்று சண்டைப் பொருள். மன்னராட்சிக்காரர்கள் அரியணையில் ஏற்ற நினைத்த ஷாம்போர் பிரபு, பழைய மன்னர் குடும்பத்தின் வெள்ளைக் கொடிதான் வேண்டும் என்று 1871இலும் 1873இலும் அடம்பிடித்தே காரியத்தைக் கெடுத்துக்கொண்டார். 1877 அக்டோபர் தேர்தலில் குடியரசுக் கட்சியினர் வென்றார்கள். எட்டு மாதம் கழித்து ஒரு தெரு முழுக்க மூவர்ணம் பறக்கிறது என்றால், அதை வெறும் நீலம், வெள்ளை, சிவப்புத் தீற்றல் என்று யார் பார்த்திருப்பார்கள்?

அதே விழாவன்று பாரிஸின் மோனியே தெருவைத் தன் ஸ்டூடியோவிலிருந்து வரைந்தார் மானே என்ற இன்னொரு ஓவியர். (பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், பார்வையில் ரொம்ப தூரம்.) அங்கும் கொடிகள் உண்டு, கூட்டம்தான் இல்லை. இடப்பக்க ஓரத்தில் ஒற்றைக்கால் மனிதர் ஒருவர், ஊன்றுகோல்களோடு, நமக்கு முதுகைக் காட்டி நடக்கிறார். பிரஷ்யாவோடு நடந்த 1870–71 போரில் காலிழந்தவர் என்றே பலரும் அவரைப் பார்க்கிறார்கள். அந்தப் போரில் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டபோது மானே அங்கே தேசியக் காவல் படையில் இருந்தார். மோனே லண்டன் போய்விட்டார்.

படத்தில் இருப்பது மட்டும்தான் அரசியல் என்பதுமில்லை. ‘சலோன்’ என்ற அரசு ஓவியக் கண்காட்சியின் தேர்வுக்குழுவை ஒதுக்கிவிட்டு, 1873 டிசம்பரில் மோனேயும் நண்பர்களும் தனியாகக் கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். அதன் விதிமுறைகளுக்கு அவர்களில் ஒருவரான பிசாரோ மாதிரியாகக் கொண்டுவந்தது பொந்துவாஸ் ஊர் ரொட்டிக்கடைத் தொழிலாளர் சங்கத்தின் விதிகளை! இன்னொரு ஓவியரான ரெனுவாருக்கு அது பிடிக்கவில்லை.

பிடிக்காமை பின்னால் பகையாயிற்று. செய்யாத தேசத்துரோகத்துக்காகத் தண்டிக்கப்பட்ட யூத ராணுவ அதிகாரி திரேஃபூஸின் வழக்கு 1898இல் பிரான்சையே பிளந்தபோது, ஓவியர் தெகாவும் ரெனுவாரும் அவருக்கு எதிர்ப்பக்கம், மோனேயும் யூதரான பிசாரோவும் அவர் பக்கம். திரேஃபூஸுக்காக நாவலாசிரியர் எமில் ஸோலா எழுதிய பகிரங்கக் கடிதம் வெளியானது அரசியல்வாதி கிளெமான்சோ எழுதிவந்த ‘லோரோர்’ நாளிதழில்.

அதே கிளெமான்சோதான் முதல் உலகப் போர் முடிந்தபோது பிரதமர். போர்நிறுத்தத்துக்கு மறுநாள், 1918 நவம்பர் 12 அன்று, வெற்றியை முன்னிட்டு இரண்டு ஓவியப் பலகைகளை அரசுக்குத் தர விரும்புவதாக மோனே அவருக்குக் கடிதம் எழுதினார். அந்த இரண்டு வளர்ந்து, மோனே இறந்த மறுவருடம் 1927இல், பாரிஸ் ஒராஞ்செரி அருங்காட்சியகத்தின் இரண்டு நீள்வட்ட அறைகளை நிறைத்தன. நீங்கள் சொன்ன அல்லிக்குளம் அதுதான்.