ஒரு பட்டத்து இளவரசர் கொலைக்காக முதல் உலகப்போரே மூண்டது எப்படி? கூட்டணிகள்தான் காரணமா?

நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்று நினைக்கிறேன். தேர்வில் "உடனடிக் காரணம் செராஜிவோ படுகொலை, அடிப்படைக் காரணம் கூட்டணிகள்" என்றே எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். (1914 ஜூன் 28இல் போஸ்னியாவின் செராஜிவோ நகரில் ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டை ஒரு போஸ்னிய செர்பிய இளைஞன் சுட்டுக் கொன்றதுதான் அந்தப் படுகொலை.) ஆனால் "காரணமா?" என்று சந்தேகத்தோடு கேட்டிருக்கிறீர்கள். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான் பள்ளியில் வரலாறு எடுத்தவள். திருப்புதல் தேர்வில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இதற்கு இப்படி எழுதியிருந்தாள்: "ஜெர்மனி, ஆஸ்திரியாவோடு 1882 முதல் முக்கூட்டு உடன்படிக்கையில் இருந்த இத்தாலி, 1914இல் போருக்குப் போகவில்லை. 1915இல் எதிரணியில் சேர்ந்தது. எனவே கூட்டணி மட்டும் காரணமில்லை." தாள் திருத்தியது வேறு பள்ளி. விடைக்குறிப்பில் இல்லை என்று பாதி மதிப்பெண்ணை வெட்டிவிட்டார்கள். "மிஸ், நான் எழுதினது தப்பா?" என்று கேட்டாள். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அவள் எழுதியது சரி. அன்று மதியம் சாப்பாட்டு நேரம் முழுக்க அவளோடு பேசிக்கொண்டிருந்தேன்.

அவளிடம் சொன்னது இதுதான். செர்பியாவைக் காக்க ரஷ்யா எந்த உடன்படிக்கையிலும் கையெழுத்திடவில்லை. 1879இல் ஜெர்மனி ஆஸ்திரியாவுக்குக் கொடுத்த வாக்கு, ரஷ்யா தாக்கினால் உதவுவோம் என்பது. ஆஸ்திரியா தானே போய் செர்பியாவை அடித்தால் துணை நிற்க வேண்டும் என்று அதில் இல்லை. 1904இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்டது காலனித் தகராறுகளைத் தீர்க்கும் ஒப்பந்தம், சேர்ந்து போரிடும் உடன்படிக்கை அல்ல.

அப்புறம் ஏன் எல்லோரும் இறங்கினார்கள்? ஆஸ்திரியா-ஹங்கேரி பல இனங்களைக் கட்டி வைத்திருந்த பேரரசு. செர்பிய தேசியவாதம் தன் எல்லைக்குள் இருக்கும் ஸ்லாவ் மக்களையும் இழுத்துவிடும் என்று பயந்தது. ரஷ்யாவோ, 1908இல் ஆஸ்திரியா போஸ்னியாவை இணைத்துக்கொண்டபோது வாயை மூடிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இன்னொரு முறை பணிந்தால் வல்லரசு என்ற பெயரே மிஞ்சாது என்று அங்கே நினைத்தார்கள்.

1914 ஜூலை 5இல் ஜெர்மனி, என்ன ஆனாலும் பின்னால் நிற்போம் என்று ஆஸ்திரியாவுக்கு உறுதி கொடுத்தது. கொலைக்குப் பின்னால் செர்பியா இருக்கிறது என்று சொல்லி, ஜூலை 23இல் ஆஸ்திரியா பல கோரிக்கைகளோடு செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு வைத்தது. செர்பியா பெரும்பாலானவற்றை ஏற்றது. தன் மண்ணில் நடக்கும் விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் பங்கெடுப்பதை மட்டும் உறுதியாக மறுத்தது. ஜூலை 28இல் ஆஸ்திரியாவின் போர் அறிவிப்பு, 30இல் ரஷ்யாவின் முழுப் படைதிரட்டல். ஜெர்மனியின் திட்டப்படி ரஷ்யாவோடு சண்டை என்றாலும் முதல் அடி பெல்ஜியம் வழியாக, ரஷ்யாவின் கூட்டாளியான பிரான்சுக்குத்தான். ஆகஸ்ட் 1இல் ஜெர்மன் பேரரசர் கெய்சர் வில்ஹெல்ம் படை முழுவதையும் கிழக்கே திருப்பச் சொன்னபோது, முடியாது என்றார் தலைமைத் தளபதி மோல்ட்கே. ஆகஸ்ட் 4இல் ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. பெல்ஜியத்தின் நடுநிலைக்கு 1839இல் கொடுத்த உத்தரவாதத்தைச் சொல்லி பிரிட்டனும் இறங்கியது.

கூட்டணிக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை, ஜெர்மனிக்கு வக்காலத்தும் வாங்கவில்லை. பின்னால் ஆள் இருக்கிறது என்ற தைரியத்தை அது கொடுத்தது, உள்ளூர்ச் சண்டையைப் பரப்பியது. ஆனால் முடிவெடுத்தது ஒவ்வொரு தலைநகரிலும் இருந்த மனிதர்கள்.

இதையெல்லாம் வகுப்பில் சொல்ல நேரம் எங்கே? அரையாண்டு முடிந்தால் வரலாற்றுப் பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடுவார்கள். கேட்டால், "அது மனப்பாடம்தானே டீச்சர், வீட்டில் படித்துக்கொள்வார்கள்" என்பார்கள்.